பெற்றோர் சேர்ந்து ஆட்டிசம் சங்கம் நடத்துவது: போன், பதிவேடு, மனு

கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 18 குடும்பங்கள், இரண்டு வருடமாக வாட்ஸ்அப் குழுவாக இருக்கிறோம். சங்கமாகப் பதிவு செய்து ஒரு தெரபி சென்டர் தொடங்கலாமா? புதிதாக வரும் பெற்றோருக்கு நாங்கள் என்ன செய்து கொடுக்க முடியும்? கலெக்டர் ஆபீஸில் மூன்று தடவை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கே தவறு?"

சென்டர் யோசனையை இரண்டு வருடத்துக்கு ஒத்திப்போடுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நன்றாக ஆரம்பித்த பெற்றோர் குழுக்கள் கலைந்துபோக இதுவே பெரிய காரணம். வாடகை மாதம் தவறாமல் போகும். ஸ்பீச் தெரபிஸ்ட் மாவட்டத் தலைநகரத்துக்கு வந்து ஆறு மாதம் இருப்பார், அடுத்து கோயம்புத்தூரிலோ சென்னையிலோ நல்ல சம்பளம் கிடைத்தால் போய்விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. செலவை ஈடுகட்டக் கட்டணம் வைப்பீர்கள். கட்டணம் கட்ட முடியாத குடும்பம் வெட்கப்பட்டுப் போன் செய்வதையே நிறுத்திவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு மருத்துவமனைக்குத் தெரபிஸ்ட் கேட்டு மனு கொடுக்கப் போனால், "அதுதான் நீங்களே நடத்துகிறீர்களே" என்ற பதில் தயாராக இருக்கும்.

சங்கம் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் மூன்று: போனை எடுப்பது, கூடப் போவது, கணக்கு வைப்பது. உங்கள் மூன்று மனுக்களும் பலிக்காமல் போனதற்கு மூன்றாவது வேலை நடக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் அழைப்பிலிருந்து வருகிறேன்.

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றோ மறுநாளோ ஒரு அம்மா கூப்பிடுவார். போனை எடுக்கும் தன்னார்வலருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கி வைத்திருங்கள். முதல் பதினைந்து நிமிடம் அவர் பேசட்டும். பிறகு கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: பிள்ளையின் வயது, காது கேட்கும் பரிசோதனை செய்தார்களா, வலிப்பு வந்திருக்கிறதா, தூக்கம் எப்படி, பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகிறதா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். காது பரிசோதனையைத் தவறாமல் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு பெரா போன்ற காது கேட்கும் பரிசோதனை செய்யாமலே "ஆட்டிசம்" என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது, ஆட்டிசத்தோடு சேர்ந்து காதுக் குறைபாடு இருப்பதைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது.

இந்த அழைப்பில் தவறு நடப்பது பெரும்பாலும் தன்னார்வலர் பக்கம்தான். அவரும் ஒரு பெற்றோர். அவருக்குள் அடைத்துக்கிடக்கும் கதை வெளியே வரப் பார்க்கும். "என் பிள்ளைக்கு" என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் முதல் அழைப்பில் பேசக்கூடாது என்று விதியே வைத்துவிடுங்கள். பால் நிறுத்துங்கள், கோதுமை நிறுத்துங்கள் என்ற உபதேசமும் வேண்டாம். தெரபிஸ்ட் பெயர் கேட்டால் ஒரே பெயரைச் சொல்லாமல் மூன்று பெயர் கொடுங்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மூவருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் அந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை. அவர்களிடம் பட்டச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், நல்ல ஓ.டி. ஒருவரைப் போலி என்று குழுவில் எழுதிப் பெரிய சண்டையானதுண்டு.

அழைப்பை முடிக்கும்போது இரண்டே இரண்டு வேலை சொல்லுங்கள். பத்து சொன்னால் ஒன்றும் நடக்காது. மூன்று வயதுப் பிள்ளை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பெயர் பதிவது ஒன்று. பிள்ளையின் அன்றாட நடத்தையை இரண்டு மூன்று நிமிட வீடியோக்களாக எடுத்து வைப்பது இன்னொன்று. பத்து நாள் கழித்து நீங்கள்தான் திரும்பக் கூப்பிட வேண்டும், அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரண்டாவது அழைப்பு போகாததால் விட்டுப்போகும் குடும்பங்களே அதிகம். அழைப்பில் "செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்ற பேச்சு வந்தால், அது வாய்வார்த்தையாகவே இருந்தாலும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுத்து, அன்றே வீட்டில் இன்னொருவரிடமும் பேசுங்கள்.

வீடியோ ஏன் என்பது மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் தெரியும். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் பயன்படும் கருவி ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல். ஆறு பிரிவுகளில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று அர்த்தம், 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மதிப்பெண் போடுபவர் பிள்ளையைப் பார்ப்பதோடு பெற்றோரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறார். கூட்டமான ஓ.பி.யில் பிள்ளை அன்றைக்கென்று போனை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். "தானா சாப்பிடுவானா?" என்று கேட்டால், பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல் அம்மா "சாப்பிடுவான்" என்பார். தட்டில் வைத்த சோறு சாம்பாரைத் தொட்டுவிட்டால் தட்டையே எறிகிற கதை வெளியே வராது. மதிப்பெண் குறையும், சான்றிதழில் குறைபாட்டுச் சதவீதம் குறையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு திட்டத்திலும் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். கூட்டிச் சொல்லவும் கூடாது. நேற்று வீட்டில் நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும். முந்தின நாள் சங்கத்தில் இருந்து ஒருவர் உட்கார்ந்து, சாப்பாடு, குளியல், தூக்கம், கழிவறை, கடைவீதி, வேற்றாள் வந்தால் என்ன செய்கிறான், தன்னையே அடித்துக்கொள்கிறானா என்று ஒரு பக்கம் எழுத வைத்தால் போதும். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்து அம்மா பதில் சொல்லலாம், எடுத்து வைத்த வீடியோக்களையும் காட்டலாம்.

யூ.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது பெரிய வேலை இல்லை. விண்ணப்பம் சிக்குவது இன்ஷியலில். ஆதாரில் "எம். அருண்", பிறப்புச் சான்றில் "அருண்", ரேஷன் கார்டில் "அருண் முருகேசன்" என்று இருக்கும். மூன்றையும் மூன்று பிள்ளைகளாகவே கணினி பார்க்கும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரைப் பிறப்புச் சான்றோடு பொருத்திவிடுங்கள். அட்டை கைக்கு வந்ததும் குறைபாட்டின் பெயர் என்ன போட்டிருக்கிறது, காலாவதித் தேதி உண்டா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்று கொடுப்பதுண்டு. அந்தத் தேதி கடந்ததே தெரியாமல் உதவித்தொகை நின்ற பிறகு ஓடி வருவார்கள். பதிவேட்டில் அந்தத் தேதிக்கென்று ஒரு கட்டம் இருந்தால் மூன்று மாதம் முன்பே சங்கம் சொல்லிவிடலாம்.

பெயரைப் பற்றி ஒன்று. நம் அரசுக் காகிதங்களில் ஆட்டிசத்துக்கு "புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்" என்று பெயர். பெற்றோர் யாருக்கும் அது பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம். புற உலகத்தைப் பற்றி இந்தப் பிள்ளைகள் நம்மைவிட அதிகமாகவே யோசிக்கிறார்கள், அதனால்தான் மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறார்கள். ஆனால் மனுவில் ஒரு இடத்தில் அந்தச் சொல்லையும் போடுங்கள். எழுத்தரின் பதிவேட்டில் தலைப்பு அதுதான், தலைப்பு பொருந்தாத மனு இன்னொரு மேசைக்குப் போகும்.

அட்டை வந்த பிறகு குடும்பம் வாங்க வேண்டியவற்றில் முதலில் நிரமயா மருத்துவக் காப்பீடு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை, முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பு கிடையாது. சேரும் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு 250 ரூபாய், மற்றவருக்கு 500. புதுப்பிக்க முறையே 50, 250. மருத்துவமனையில் படுத்தால்தான் என்றில்லை, ஓ.பி. செலவுக்கும் தெரபிக்கும் உள்வரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். க்ளெய்ம் திரும்பி வருவது பெரும்பாலும் பில்லால்தான். "தெரபி – 6,000" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. ஒவ்வொரு தேதி, எந்தத் தெரபி, செய்தவர் பெயர், பதிவு எண், முத்திரை, டாக்டரின் பரிந்துரைச் சீட்டு எல்லாம் வேண்டும். ஊரில் உள்ள நாலு சென்டர்களுக்கும் ஒரே மாதிரிப் பில் படிவத்தை நீங்களே அச்சடித்துக் கொடுத்துவிடலாம். அவர்களுக்கும் வேலை மிச்சம்.

தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பிரிவுக்கு எத்தனை சதவீதம் என்ற வரம்பு அங்கே எழுதி ஒட்டியிருப்பார்கள், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை. நடத்துனரோடு வாக்குவாதம் வந்தால் அட்டையைக் காட்டினால் முடிந்தது. சம்பளக்காரப் பெற்றோர் பழைய வருமானவரி முறையில் இருந்தால் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்றால் 1,25,000.

பதினெட்டு வயதுதான் பலரும் கவனிக்காத மேடு. பிள்ளைக்கு 18 ஆன நாளிலிருந்து சட்டப்படி அவன் பெரியவன். அப்பா அவன் பெயரில் கையெழுத்துப் போட முடியாது. வங்கிக்குப் போனால் "அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்" என்பார்கள். இதற்காகவே தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது: கலெக்டர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். 14-ஆம் பிரிவின்படி இவர்கள் பாதுகாவலரை நியமிக்கலாம், பெற்றோருமே விண்ணப்பிக்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். சொத்தே இல்லாவிட்டாலும் "இல்லை" என்று எழுதிக் கொடுங்கள். வங்கிக் கிளை இந்தச் சான்றை ஏற்க மறுத்தால், ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருப்பதைச் சுட்டிக்காட்டலாம்.

அதே நேரம், எல்லோருக்கும் பாதுகாவலர் வாங்கித் தருவதைச் சங்கத்தின் சாதனையாக எண்ண வேண்டாம். தானே கையெழுத்துப் போட்டு, தன் பணத்தைத் தானே எண்ணத் தெரிந்த இருபது வயது இளைஞனுக்குப் பாதுகாவலர் நியமிப்பது அவன் உரிமையைப் பிடுங்குவது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், அவனையும் கேட்டுக்கொண்டு உதவும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரைத்தான் பேசுகிறது. இந்த விவாதம் சங்கத்துக்குள் நடக்க வேண்டுமானால், செயற்குழுவில் ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும். பேச்சு குறைவாக இருந்தால் எழுதிக் காட்டட்டும், கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே கருத்து அனுப்பட்டும்.

மாதக் கூட்டம் பற்றி. ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் நாற்காலி போட்டால் அப்பாக்கள் வருவார்கள், அம்மாக்கள் வரமாட்டார்கள். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? பக்கத்து அறையில் பாய், கொஞ்சம் பொம்மை, தண்ணீர், இரண்டு மூன்று தன்னார்வலர் ஏற்பாடு செய்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், மைக் வேண்டாம். எந்தத் தன்னார்வலரும் பிள்ளையோடு தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். இதைச் சந்தேகம் என்று யாராவது கோபித்துக்கொண்டால் அவரை அந்த வேலையில் விடவேண்டாம். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம் என்பதைச் செயற்குழு எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும்.

காணாமல் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வீட்டை விட்டு நழுவுவார்கள், தண்ணீர் அவர்களை இழுக்கும். ஆகவே தேடும்போது முதலில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடக் கூடாது. முதலில் கிணறு, குளம், வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி. பிறகுதான் மற்ற இடங்கள், கூடவே 112. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்: அண்மைப் படம், கூப்பிட்டால் திரும்புவானா, எதற்குப் பயப்படுவான், எந்தப் பாட்டுக்கு நிற்பான், யாருக்குப் போன் செய்ய வேண்டும். அந்தத் தாள் சங்கத்தில் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைத்தால் ஐந்து வருடம் கழித்தும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

போலி வைத்தியம் தேடி வரும், பயப்படாமல் "இல்லை" சொல்லுங்கள். ஸ்டெம் செல் ஊசி, ஆக்சிஜன் அறை, உலோகம் நீக்கும் மருந்து என்று லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிகளின்படி ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம், அதற்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இப்படிப்பட்ட இடங்கள் உங்கள் விழாவுக்குப் பந்தல் போட்டுத் தருவதாகச் சொல்லும். ஒரு முறை பேனர் கட்டிவிட்டால், அடுத்து வரும் ஏழைக் குடும்பம் உங்களை நம்பித்தான் நகையை அடகு வைக்கும்.

பள்ளி விஷயத்தில் சங்கம் கூடப் போவதே பாதி வேலை. "எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று வாயால் சொல்லும் பள்ளி, "அதையே எழுதிக் கொடுங்கள்" என்றால் யோசிக்கும். கோபப்படாமல் கேட்க வேண்டும், மறுநாள் பிள்ளை அங்கேதான் உட்கார வேண்டும். 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, 40 சதவீதம் அல்லது மேற்பட்ட குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விருப்பப்பட்டால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி உங்கள் மனு. நீங்கள் அனுப்பிய நகலில் ஒரே தாளில் ஏழு கோரிக்கை இருக்கிறது: இலவச மனை, தெரபி மையம், வேலைவாய்ப்பு, பேருந்து, உதவித்தொகை உயர்வு, பள்ளி, பூங்கா. ஏழும் ஏழு துறை. கலெக்டர் அதை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புவார், அவர் தன் துறைக்கு உரிய ஒன்றுக்கு மட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, மனுவில்தான் தப்பு.

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. அந்தக் கோரிக்கையை நிறைவேற்ற அதிகாரம் உள்ளவர் யாரோ அவர் பெயருக்கு. சிறப்புப் பயிற்றுநர் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், மருத்துவக் கல்லூரியில் மதிப்பீட்டு நாள் என்றால் டீன், மாவட்டத்தின் மற்ற அரசு மருத்துவமனைகள் என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், உதவித்தொகை என்றால் நல அலுவலர். உள்ளே எண் இருக்க வேண்டும். இப்படி:

"எங்கள் சங்கப் பதிவேட்டின்படி கடந்த ஆறு மாதத்தில் இன்ன ஒன்றியத்திலிருந்து 14 குடும்பங்கள் ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் பதிவு செய்தன. ஒருவருக்கும் முதல் வருகையில் மதிப்பீடு முடியவில்லை. 9 பேர் மூன்று முறைக்கு மேல் வந்துள்ளனர். உளவியலாளர் வாரத்தில் ஒரே நாள் வருவதே காரணம் எனத் தெரிகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆட்டிசம் மதிப்பீட்டுக்கென ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். அன்று வரிசையை ஒழுங்குபடுத்த எங்கள் தன்னார்வலர் இருவர் வருவார்கள்."

எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை நீங்கள் போட வேண்டும். எங்கிருந்து? அந்தப் பதிவேட்டிலிருந்து. நீள நோட்டு ஒன்று போதும். கட்டங்கள்: தேதி, குடும்ப எண் (பெயர் வேறு நோட்டில், பூட்டுக்குள்), ஒன்றியம், பிள்ளையின் வயது, சந்தேகம் வந்த வயது, உறுதியான வயது, அட்டை உண்டா, காலாவதி எப்போது, பள்ளி, என்ன கேட்டார்கள், எந்தப் படியில் நின்றது, எப்போது முடிந்தது. கடைசி இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். "யார் தடுத்தார்" என்று எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் படியில் நின்றது என்று மட்டும் எழுதுங்கள். ஆள் மாறுவார், படி மாறாது. ஒருவரே எழுதட்டும், பலர் எழுதினால் ஒரே குடும்பம் மூன்று முறை எண்ணப்பட்டு, மனுவில் உள்ள எண்ணை அலுவலர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

அரசுத் தரப்பு எண்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சங்கத்தின் லெட்டர்பேடில் போடாதீர்கள். தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை என்று திருப்பிவிட இடம் உண்டு. தனி ஆள் பெயரில் போடுங்கள். "ஏன் நியமிக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. அனுமதிக்கப்பட்ட சிறப்புப் பயிற்றுநர் பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை, உள்ளூர் அளவிலான குழு கடந்த மூன்று ஆண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, நிலுவை விண்ணப்பம் எத்தனை என்று ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். பயிற்றுநர் எண்ணிக்கை கிடைத்ததும் உச்ச நீதிமன்றத்தின் 2021 அக்டோபர் தீர்ப்போடு ஒப்பிடலாம். ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15-க்கு ஒருவர் என்று சொல்லப்பட்டது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் வாங்காமல் நகராதீர்கள். 30 நாளில் அந்த எண்ணைச் சொல்லி நினைவூட்டல்.   அதற்கும் நகராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். அதற்கும் முந்தைய மனுக்களின் எண், தேதி, பதில் எல்லாம் வரிசையாக வேண்டும், வாய்ச்சொல் நிற்காது.

இப்படியெல்லாம் கேட்டுக் கிடைக்குமா என்று சலித்துக்கொள்பவர்கள் குழுவில் இருப்பார்கள். இங்கிலாந்தில் 1962-லும் அமெரிக்காவில் 1965-லும் தேசிய அளவில் முதல் சங்கங்களைத் தொடங்கியதில் பெற்றோர்தான் முன்னால் நின்றார்கள். நம் நாட்டின் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. டெல்லியில் 1991-ல் ஒரு தாயான மெர்ரி பரூவா தொடங்கிய ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பும் மற்ற பெற்றோரும் விடாமல் கேட்டதில்தான் 1999 சட்டத்தின் பெயரிலேயே அது ஏறியது. 2016 சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றானது. அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம் அடங்கிய பிரிவுகளுக்கு 1 சதவீதம் என்று வந்ததும் அதற்குப் பிறகுதான்.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் போதும், 18 குடும்பம் தாராளம். துணை விதிகளில் இரண்டு வரி கட்டாயம் சேருங்கள்: தெரபி சென்டரோ சிறப்புப் பள்ளியோ நடத்துபவர் பொறுப்பாளர் ஆகக் கூடாது (உறுப்பினராக இருக்கலாம்), வங்கிக் கணக்குக்கு இருவர் கையெழுத்து. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பணம் அனுப்புகிறேன் என்றால் முதலில் அவர் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், கனடா குடியுரிமை வாங்கியவர் பணம் வெளிநாட்டு நிதி, அதற்கான மத்திய அரசுப் பதிவு இல்லாமல் ஆயிரம் ரூபாய் வந்தாலும் சிக்கல். மாதச் சந்தா 100 ரூபாய், முடியாதவருக்கு இல்லை. ஆரம்ப வேலைக்குத் தேவை ஒரு போன் எண், ஒரு பிரிண்டர், ஜெராக்ஸ் செலவு, கூடப் போகும் தன்னார்வலருக்குப் பஸ் காசும் டீக்காசும். அந்தப் பஸ் காசைக் கொடுக்கத் தவறினால் மூன்றாவது மாதம் கூடப் போக ஆள் இருக்காது.

ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு தினத்தில் நடைப்பயணம் வைக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். வையுங்கள். ஆனால் நிரமயா காப்பு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது, இரண்டு நாள் முன்பு. பிரிண்டரும் மேசையும் இரண்டு தன்னார்வலரும் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே மண்டபத்தில் இருக்கட்டும். குடும்பங்கள் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றின் அசலும் ஒரு நகலும் கொண்டுவரச் சொல்லுங்கள், புதுப்பிக்க வேண்டியவர்களின் பட்டியல் நோட்டில் ஏற்கெனவே இருக்கும்.